முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தால் முனியாண்டி சாமிக்கு ஒரு சேவல் தருவதாக அம்மா வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குஞ்சைத் தெரிவுசெய்யும்போதாவது பக்கத்தில் இருந்திருப்பேன். பட்டப்படிப்பு முடிந்து, நேர்முகப் பரீட்சைக்கும் போய்வந்து, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று நான் காத்திருந்த காலத்தில், அம்மா எங்கள் கோழி பொரித்த குஞ்சுகளில் ஒன்றைத் தூக்கி அதன் காலில் மஞ்சள் துணி கட்டிவிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படிக் கட்டிவிட்டால் அந்தப் பறவை சாமியுடையது. அதை விற்க முடியாது. விருந்தாளி வந்தால் அறுக்க முடியாது. அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் சாமி அதைத்தான் பார்த்து வைத்திருக்குமாம்.

துணி கட்டுவதற்கு முன்னால் குஞ்சு சேவல்தானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பிடரியைப் பிடித்துத் தூக்க வேண்டும். கால் இரண்டும் தொங்கினால் சேவல், மடக்கிக்கொண்டால் பெட்டை. எங்கள் குஞ்சு ஒரு காலைத் தொங்கவிட்டது, மற்றதை மடக்கிக்கொண்டது. அம்மா தொங்கிய காலில் துணியைக் கட்டினார்.

பதுளையிலிருந்து பசறை போகும் பாதையில் இறங்கி, தேயிலைக்குள் ஏறிப் போனால் எங்கள் லயம் வரும். வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், ஒரே கூரை. ஒரு வீட்டில் தாளிப்பது எல்லா வீட்டுக்கும் தெரியும் என்றால், ஒரு வீட்டுக் கோழி என்ன செய்கிறது என்பதும் தெரியத்தான் செய்யும். அடுத்த காம்பராப் பெரியம்மா அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர். உறவு இல்லை, ஆனால் உறவைவிட அதிகம் சண்டை போடுவார்கள். அவரிடம் ஒரு சேவல் இருந்தது. கறுப்பும் சிவப்புமாக, கூரைத் தகரத்தில் ஏறி நின்றால் தோட்டத்துத் துரை மாதிரி இருக்கும். வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆளை எழுப்புவது அதுதான். அலாரம் வைத்தவர்களும் அதன் குரலைக் கேட்ட பிறகுதான் அலாரத்தை நிறுத்துவார்கள்.

எங்களுடையதும் வளர்ந்தது. கொண்டை வந்தது, நல்ல செம்பருத்திச் சிவப்பு. வாலில் வளைந்த இறகுகள் வந்தன. முட்டை இடவில்லை. அதுவரைக்கும் எல்லாம் சரி. ஆனால் அது கூவவில்லை. கழுத்தை நீட்டும், வாயைத் திறக்கும், ஏதோ நினைவு வந்தது போல மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுத் துரை கூவும்போது எங்களுடையது விறகுக் கட்டுக்குப் பின்னால் போய் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

பெரியம்மா இதை விடுவாரா? தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் கேட்டார்.

"ஏன்டி, வாத்தியார் வேலைக்குன்னு நேந்த சேவ. அதுவே வாயத் தொறக்க மாட்டேங்குதே, ஒம்மகன் போய் எப்பிடிப் பாடஞ் சொல்லுவான்?"

அம்மா குடத்தைச் சற்று வேகமாகத் தூக்கினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போனவன் நான்தான். எனக்கு முன் போனவர்கள் எல்லாரும் பாதியில் மலைக்கோ கொழும்புக்கோ போய்விட்டார்கள். அப்பா இப்போதும் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் இருக்கிறார். அதனால் என் வேலை என்பது என் வேலை மட்டும் இல்லை. அது கிடைத்த அன்று அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மொனராகலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம், திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சிரித்து முடித்ததும் அம்மா சொன்னது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சேவலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது.

"சாமிக்குச் சொன்னதக் குடுக்காம போனா வேலை நெலைக்காது தம்பி. கையில வந்தத சாமியே திருப்பி வாங்கிக்கும்."

நான் சிரிக்கவில்லை. அம்மா அதை உண்மையாகவே நம்பினார். கொடுக்காமல் நான் போனால், ஒவ்வொரு மாதமும் இந்த மாதம் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே இருப்பார். பகுத்தறிவு பேசி அந்தப் பயத்தை எடுக்க எனக்குத் தெரியாது.

முனியாண்டி கோயில் என்பது மலையுச்சியில் ஒரு மரம், அதன் அடியில் ஒரு கல், ஒரு சூலம். பூசாரி வாரத்தில் மற்ற நாட்களில் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுபவர். அம்மா அவரைக் கூட்டிவந்து சேவலைக் காட்டினார். அவர் அதைத் தூக்கி, கொண்டையைத் தடவி, வாலை விரித்து, ஒரு டாக்டர் போலப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூவிச்சா?"

"கூவும் பூசாரியண்ணே."

"கூவட்டும். அப்பறம் வாங்கிக்கறேன்."

முன்பு ஒருவர் சேவல் என்று கொண்டுவந்து கொடுத்தது பெட்டையாக இருந்ததாம். அந்த வருடம் கவ்வாத்துக் கத்தி இரண்டு பேருடைய கையைப் பதம் பார்த்ததாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போவதற்கு முன் கொடுக்கும் பூசையில் தவறு வந்தால் சாமி முதலில் பூசாரியைத்தான் கேட்கும் என்றார். ஆகவே இனிமேல் குரலைக் கேட்காமல் எந்தச் சேவலையும் தொடுவதில்லை என்று முடிவு எடுத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் நுழைந்தேன். நான் தமிழ் சிறப்புப் பாடமாகப் படித்தவன். நான்கு வருடம் சொற்களோடு கிடந்தவன். ஒரு பறவை சேவலா இல்லையா என்பது என் படிப்புக்குள் வரும் விஷயம் என்று தோன்றியது. சனிக்கிழமை காலை பஸ் ஏறி பதுளைக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு கோழி கூவவில்லை என்பதற்காக நூலகத்துக்குப் போனவன் எங்கள் தோட்டத்து வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அங்கே கிடைத்தது என்னைத் துள்ள வைத்தது. சேவல் என்பது கோழியின் ஆணுக்கு மட்டும் உரிய பெயர் இல்லை. பழைய இலக்கணக்காரர்கள் சிறகுள்ள எல்லாப் பறவைகளின் ஆணையும் சேவல் என்று சொல்லலாம் என்கிறார்கள். அன்னத்தில் சேவல் உண்டு, புறாவில் சேவல் உண்டு, காக்கையிலும் உண்டு. விலக்கு மயிலுக்கு மட்டும். தோகையும் சாயலுமாக அது பெண்மை போல இருப்பதால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது என்று உரைகாரர் காரணமும் சொல்கிறார். காலப்போக்கில் மற்றப் பறவைகள் எல்லாம் அந்தப் பெயரைக் கைவிட, வீட்டைவிட்டுப் போகாத கோழி மட்டும் அதை வைத்துக்கொண்டது.

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. செம்மையோடு, அதாவது சிவப்போடு சேர்த்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொண்டையைப் பார்த்தால் நம்பத் தோன்றும். காவல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு என்கிறார்கள். விடியும்வரை கூரையில் நிற்கும் பக்கத்து வீட்டுத் துரையை நினைத்தால் அதையும் நம்பத் தோன்றும். எதுவாக இருந்தாலும் சரி, எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சொல்லின் எந்த மூலையிலும் கூவுதல் இல்லை.

புத்தகம் எடுத்துக் கொடுத்த சிங்களப் பெண்மணி நான் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர்களிடம் அது குக்குளா. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே கூவுகிற மாதிரி இருக்கிறது இல்லையா என்றேன். ஆமாம் என்று சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு, பள்ளியில் படித்த பழைய கவிதைகளில் 'செவுலா' என்றும் வரும் என்றார். சேவல், செவுலா. இருவரும் ஒரே கோழியை இரண்டு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலையே பூசாரியைத் தொழிற்சாலை வாசலில் பிடித்தேன். விறகுத் தூள் தலையெல்லாம் ஒட்டியிருக்க, தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். நான் ஆண் என்றால் போதும், கூவ வேண்டிய கட்டாயம் சொல்லிலேயே இல்லை என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப புறாவும் சேவலா தம்பி?"

"ஆண் புறான்னா சேவல்தாங்க."

"நாளைக்கு ஒருத்தன் புறாவக் கொண்டாந்து நீட்டினா நான் வாங்கிக்கணும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சை மாற்றலாம் என்று மயிலைப் பற்றிச் சொன்னேன். அது பெரிய தவறாகிவிட்டது. பூசாரி வருடா வருடம் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்.

"முருகன் ஏறிப் போற மயிலு பொம்பளைத்தனமா இருக்குன்னா எழுதி வச்சிருக்காங்க? யாரு எழுதினது?"

எழுதியவர் செத்து நூற்றுக்கணக்கான வருடமாகிறது என்றேன். அதனால்தான் தப்பித்தார் என்றார். அதன்பின் மயிலின் வீரம் பற்றி அவர் பேச, நான் கேட்க, எங்கள் சேவல் எங்கேயோ போய்விட்டது. கிளம்பும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"புஸ்தகத்துல இருக்கறது இருக்கட்டும் தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா முனியாண்டிக்குப் படிக்கத் தெரியாது. காது இருக்கு. அதுக்குக் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை சேவலைக் கூடையில் வைத்து மலைக்கு ஏறினோம். அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, தேங்காய், பழம், சூடம் எல்லாம் எடுத்து வந்திருந்தார். சாமிக்கு முன்னாலாவது அது கூவும் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. பெரியம்மாவும் வந்தார், வேடிக்கை பார்க்க. கூடையைத் திறந்தோம். சேவல் வெளியே வந்தது, கல்லைச் சுற்றி நடந்தது, சிந்திக் கிடந்த பொரியைத் தின்றது. நாங்கள் காத்திருந்தோம். பூசாரி சூடத்தைக் கொளுத்தாமல் கையிலேயே வைத்திருந்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. போனில் சேவல் கூவும் வீடியோ ஒன்றை எடுத்து, சத்தத்தைக் கூட்டி அதன் அருகில் பிடித்தேன். போன் கூவியது. உடனே கீழே லயத்திலிருந்து பெரியம்மாவின் சேவல் பதில் கூவியது. நான் மறுபடி போட்டேன், அது மறுபடி கூவியது. எங்களுடையது ஒரு சிறகைத் தூக்கி அதற்குள் தலையைச் செருகிக்கொண்டது.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் சூலத்தில் கட்டியிருந்த மணி ஆடியிருக்கும்.

"எங்க சேவ இருக்கற எடத்துல எதுவும் கூவாதுடி. கூவினா மண்டையப் பொளந்துரும்ல. குஞ்சா இருக்கறப்பவே ரெண்டு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டுதான இருக்கு."

பூசாரி சூடத்தைத் திருப்பிப் பையில் போட்டார். அம்மா தேங்காயை உடைக்காமலே கூடையில் எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கூடையை எடுத்து அந்தப் பையின் பக்கத்தில் வைத்தார்.

"நீ இதையுங் கொண்டு போ."

எங்கே என்றேன்.

"மொனராகலைக்கு. அந்தச் சனியன் சத்தம் கேக்காத எடத்துக்கு. அங்க போய்க் கூவட்டும். கூவினப்பறம்தான் நீ பள்ளிக்கூடத்துக்குள்ள கால் வைக்கணும்."

முதல் நாள் வேலைக்குப் போகிற ஆசிரியர் கையில் கோழிக் கூடையோடு போனால் என்ன நினைப்பார்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பசறையில் மொனராகலை பஸ் ஏறினேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, மடியில் கூடை. கூடை மூடியின் இடைவெளியில் ஒரு சிவப்புக் கொண்டை. கொண்டக்டர் என்னிடம் டிக்கட் கொடுத்துவிட்டுக் கூடையைப் பார்த்து, குக்குளாவுக்கு அரை டிக்கட்டா, முழு டிக்கட்டா மாத்தயா என்று சிங்களத்தில் கேட்டார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா, பிள்ளை எங்கேயாவது மாப்பிள்ளையாகப் போகிறதா என்றார். வேலைக்குப் போகிறேன் என்றேன். சேவலோடா என்றார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். என் சிங்களத்தில் அது சுருக்கமாகத்தான் வரும். அது பஸ் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கொண்டக்டர் பின்பக்கத்தில் இருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்.

பஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. தேயிலை முடிந்தது. குளிர் விட்டது. இறப்பர் மரங்கள் வரத் தொடங்கின. எதிரே ஒரு லொறி வர, வளைவில் டிரைவர் ஹோர்னை அழுத்தினார். பாட்டு மாதிரி இழுத்துப் போகிற ஹோர்ன். அது ஓய்ந்த அடுத்த கணம் என் மடியில் ஏதோ விறைத்தது. கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உடைந்த சத்தம், பாதியில் நின்றுபோன சத்தம். ஆனால் அது கூவல்தான். சந்தேகமே இல்லை.

பஸ்ஸே கைதட்டியது. நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கங்காணியிடம் ஏதோ சொல்வது கேட்டது, பிறகு மூச்சு வாங்குவது கேட்டது. செடிகளுக்கு நடுவே ஓடுகிறார் என்று புரிந்தது. போனை வைக்காதே என்று மட்டும் சொன்னார். வழியில் தொழிற்சாலைப் பக்கம் பூசாரியைக் கூப்பிடும் சத்தமும் கேட்டது. கடைசியில் காற்றுச் சத்தம். மணிச் சத்தம். முனியாண்டி கல்லடிக்கு வந்துவிட்டார்கள்.

"ம். இப்பக் கூவச் சொல்லு."

சொன்னால் கூவுகிற சேவலா? நான் போனைக் கூடை மூடிக்குப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வயதான அம்மா கூடையைத் தட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ வாயால் கூவிக் காட்டினார்கள், அதற்குச் சேவல் மரியாதை கொடுக்கவில்லை. கொண்டக்டர்தான் டிரைவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். பாதையில் ஒரு வண்டி இல்லை, ஒரு மாடுகூட இல்லை. டிரைவர் ஹோர்னை நீளமாக அழுத்தினார்.

கூடைக்குள் கழுத்து நிமிர்ந்தது. இந்த முறை முழுவதாக, உடையாமல், பக்கத்து வீட்டுத் துரைக்குக் கொஞ்சமும் குறையாமல் கூவியது. அது முடிந்த பிறகும் இன்னொன்று, யாரும் கேட்காமல்.

போனில் பூசாரியின் குரல் வந்தது.

"தம்பி, மொதல்ல வந்தது எது?"

"அது பஸ்ஸு ஹோர்ன்ங்க. ரெண்டாவதும் மூணாவதும்தான் சேவல்."

"ம்." அம்மா போனைக் கல்லோடு ஒட்டிப் பிடித்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. "சரி, சாமி கேட்டுருச்சு. கவ்வாத்துப் பூசைக்குக் கொண்டாந்துருங்க. இனி அது பேசாட்டியும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் அப்படிச் சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று. கவ்வாத்துக்கு நான் அதை ஊருக்குக் கொண்டு போனபோது, லயத்து வாசலில் கால் வைத்ததும் பழையபடி ஊமையாகிவிட்டது. பூசாரி ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்தோம். குழம்பில் பெரியம்மாவுக்கும் ஒரு பங்கு போயிற்று. மொனராகலைத் தீனி, அதுதான் இந்த ருசி என்றார். நான் கொஞ்சம்தான் சாப்பிட்டேன், ஒரே அறையில் இருந்து பழகியது அல்லவா. அம்மா நன்றாகச் சாப்பிட்டார்.

ஆனால் அது பிறகு நடந்தது. அந்தத் திங்கட்கிழமை, நான் பஸ்ஸில் இருக்க, போனைக் கல்லிலிருந்து எடுத்துக் காதில் வைத்த அம்மா, ஓடி வந்த மூச்சு அடங்கக் கொஞ்சம் பொறுத்தார். பெருமையாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"சரி தம்பி. இனிப் போய்க் கையெழுத்துப் போடு," என்றார். குரலில் அத்தனை நாள் இருந்த இறுக்கம் இல்லை. "தண்ணி வச்சியா அதுக்கு?"

பள்ளிக்கூடம் சிறியது. வாசலில் ஒரு வேப்பமரம், வெயில் எங்கள் ஊரில் இல்லாத வெயில். கூடையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தபோது அதிபரே வெளியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மஞ்சள் துணி கட்டிய காலைப் பார்த்தார்.

"புது டீச்சரா? சரி. இது என்ன?"

சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் உரிய பெயர், மயில் நீங்கலாக. சிவப்பிலிருந்தும் வந்திருக்கலாம், காவலிலிருந்தும் வந்திருக்கலாம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"சேவல், சேர்," என்றேன்.

அவர் நம்பாத மாதிரிக் குனிந்தார். அது கூவியது.